யாழ் நகரத்து இளையோரோடு நெடுந்தூரம் ஓடுவது எப்படி: பக்கத்தில் ஓடும் வழிகாட்டிக்கு

யாழ்ப்பாணத்தில் பதினாறு வயதுப் பொடியன் ஒருவனை முன்னால் இருத்தி "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்பான். அதே பொடியனோடு விடியக்காலை பண்ணைப் பாலத்தில் மெதுவாக ஓடினால், மூன்றாவது கிலோமீற்றரில் அவனாகவே கதை தொடங்குவான். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. இரண்டு பேரும் முன்னால்தான் பார்க்கிறார்கள். இடையில் மேசை இல்லை. மூச்சு வாங்குவதால் வசனங்கள் குட்டையாக வரும், மழுப்ப இடமிருக்காது.

இந்த முறை எங்கள் ஊரில் பிறந்ததல்ல. லொஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 1980களின் பிற்பகுதியிலும், பிலடெல்பியாவில் 2004 இலும், பள்ளிப் பிள்ளைகளைப் பெரியவர்கள் தங்களோடு சேர்த்து மரதன் ஓட்டத்துக்குத் தயார்படுத்தும் திட்டங்கள் தொடங்கின. அவற்றிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றுதான்: பெரியவர் விசிலோடு ஓரத்தில் நிற்பதில்லை, கூட ஓடுகிறார். மிச்சத்தையெல்லாம் எங்கள் வெயிலுக்கும் ரியூசன் நேரத்துக்கும் ஏற்றபடி நாங்களேதான் அமைக்க வேண்டும்.

கீழே உள்ளவை 15 முதல் 19 வயது வரையான, இதுவரை ஓடிப் பழகாத பிள்ளைகளுக்கானவை. பாடசாலை அணியில் ஏற்கெனவே 1500 மீற்றர் ஓடுகிறவர்களுக்கு வேறு பயிற்சி வேண்டும். அவர்களை இந்தக் குழுவில் சேர்த்தால் மற்றவர்கள் இரண்டாம் நாளே மனம் விட்டுப் போவார்கள்.

ஓடத் தொடங்க முன் ஒரு மாதம்

முதலில் பெரியவர்களைச் சேருங்கள், பிள்ளைகளைப் பிறகு தேடலாம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி என்பது எல்லை. முதல் வருடத்தில் மொத்தம் இருபது பேருக்கு மேல் எடுக்காதீர்கள். வழிகாட்டி வேகமான ஓட்டக்காரராக இருக்கத் தேவையில்லை. 5 கிலோமீற்றரை நிற்காமல், கதைத்தபடி ஓடக்கூடியவர் போதும். உண்மையில், பழைய சம்பியன்கள் இந்த வேலைக்குப் பெரும்பாலும் சரிவருவதில்லை. பிள்ளை களைத்து நடக்கும்போது கூட நடக்க அவர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை.

வழிகாட்டியாக வருகிறவர் யாராக இருந்தாலும், கோயில் தர்மகர்த்தாவின் மகனாக இருந்தாலும், பொலிஸ் நற்சான்றிதழ் கேளுங்கள். கிராம சேவகரிடமும் விசாரியுங்கள். பின்வரும் விதிகளை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்: எந்த ஓட்டத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், பெண் பிள்ளைகள் இருந்தால் அதில் ஒருவர் பெண், ஒரு பிள்ளையை மட்டும் தனியாக மோட்டார்சைக்கிளில் ஏற்றிச் செல்வதில்லை, பிள்ளையோடு தனிப்பட்ட வட்ஸ்அப் செய்தி இல்லை, பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் முகநூலில் படம் இல்லை. "எங்களுக்குள்ள இதெல்லாம் ஏன்?" என்று கேட்கிறவரைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது பெற்றோர். கூட்டம் வைத்தால் வரமாட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் படலையில் நின்று கூப்பிட்டால், உள்ளே வரச் சொல்லித் தேத்தண்ணி தருவார்கள். அம்மாமார் கேட்கும் முதல் கேள்வி "படிப்புக் கெடாதோ?" என்பது. அதற்குப் பிள்ளையின் ரியூசன் அட்டவணையை வாங்கி, ஓடும் மூன்று நாட்களையும் அதிலேயே குறித்துக் காட்டுவதுதான் பதில். பெண் பிள்ளை என்றால் "வெயில்ல கறுத்துப் போவாள்", "சனம் என்ன கதைக்கும்" என்று இரண்டு தடைகள் வரும். முதலாவதற்கு, சூரியன் ஏற முன்பே ஓட்டம் முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். இரண்டாவதற்கு, குழுவின் அக்காவை, அதாவது பெண் வழிகாட்டியை, நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். முல்லைத்தீவின் அகிலத்திருநாயகி எழுபது வயது கடந்து, 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றரில் தங்கம் வென்றதைச் சொன்னால், சில அப்பாமாரின் முகம் இளகும்.

அதே வருகையில் உடல்நலக் கேள்விகளையும் கேட்டு எழுதுங்கள். ஓடும்போது எப்போதாவது மயங்கியதுண்டா? நெஞ்சு நொந்ததுண்டா? குடும்பத்தில் இளம் வயதில் திடீரென யாரும் இறந்ததுண்டா? இழுப்பு, வலிப்பு, நீரிழிவு உண்டா? கடந்த மூன்று மாதத்தில் டெங்கு வந்ததா? இவற்றில் ஒன்றுக்கு "ஓம்" என்றாலும், டொக்டர் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் ஓட்டம். இழுப்புள்ள பிள்ளை ஓடலாம். ஆனால் இன்ஹேலர் வீட்டு மேசையில் கிடக்கக்கூடாது, கூட ஓடும் வழிகாட்டியின் இடுப்புப் பையில் இருக்க வேண்டும்.

காலமும் நேரமும்

தைப்பொங்கல் கழிந்த கிழமை தொடங்குங்கள். வடகீழ் மழை ஓய்ந்து, விடியலில் குளிர் இருக்கும் காலம் அது. அதிலிருந்து 12 கிழமை எண்ணினால் சித்திரைப் புதுவருடத்துக்குச் சற்று முன் 5 கிலோமீற்றரை முடிக்கலாம். அதற்குப் பிறகு 10 கிலோமீற்றருக்கான இரண்டாம் கட்டத்தைத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடிக்கலாம். தையிலும் மாசியிலும் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் வரும். அந்தக் கிழமைகளில் பிள்ளை அங்கும் ஓடி இங்கும் ஓடினால் கால் தாங்காது. இங்குள்ள ஓட்டத்தைக் குறையுங்கள்.

கிழமைக்கு மூன்று நாள் போதும், இரண்டு ஓட்டத்துக்கு இடையில் ஒரு நாளாவது ஓய்வு. காலை 5.30 க்குச் சந்தித்தால் 6.30 க்கு எல்லோரும் வீட்டில் நிற்கலாம். குருநகர், பாசையூர்ப் பக்கத்துப் பொடியள் சிலர் விடியலில் தகப்பனோடு வலை வேலைக்குப் போவார்கள். அவர்களைச் சோம்பேறி என்று எழுதிவிடாமல் பின்னேரம் 5.30 க்கு ஒரு சின்னக் குழு வையுங்கள். பின்னேர ஓட்டத்தில் தார் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் புல்லிலோ மண்ணிலோ மட்டும் ஓடுங்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகள் ஓட்டத்துக்கு உதவாது. பல பிள்ளைகள் விரதமும் இருப்பார்கள். அந்த நாட்களில் தூரத்தைப் பாதியாக்குங்கள். விரதகாரரை நடக்க மட்டும் விடுங்கள்.

பாதை

முதல் நான்கு கிழமையும் புல் மைதானம்தான். துரையப்பா விளையாட்டரங்கோ, பக்கத்துப் பாடசாலை மைதானமோ, சனசமூக நிலையத்து வெளியோ எதுவும் ஆகலாம். முன்கூட்டியே அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் காவலாளி மாறும்போது செல்லாது. பிறகு வீதிக்குப் போகும்போது, போய்த் திரும்பும் நீண்ட பாதையை விட ஒன்றரைக் கிலோமீற்றர் வட்டம் ஒன்றைப் பல தடவை சுற்றுவது நல்லது. பிந்தியவன் தனித்துப் போகமாட்டான், தண்ணீர்க் கான் ஒரே இடத்தில் இருக்கும், கால் நொந்தவன் உடனே நிறுத்தலாம். கோட்டைப் பக்கமும் பண்ணைக் கரையும் வசதி. விடியவே நடப்பவர்கள் இருப்பதால் ஆளரவம் உண்டு.

தூரத்தை அளக்க ஜீபிஎஸ் மணிக்கூடு தேவையில்லை, சைக்கிள் போதும். முன் சில்லின் காற்றடிக்கும் வால்வைக் கீழே நிறுத்தி நிலத்தில் சோக்குக் கோடு போடுங்கள். ஆள் ஏறியிருக்க, நேர்கோட்டில் பத்துச் சுற்று உருட்டி, மறுபடி கோடு போட்டு நாடாவால் அளவுங்கள். 28 அங்குலச் சில்லில் ஏறத்தாழ 22 மீற்றர் வரும். அதன்படி ஒரு கிலோமீற்றருக்கு 450 சுற்று அளவில் வரும்; உங்கள் சைக்கிளின் சரியான எண்ணைக் கணக்கிட்டு, ஒவ்வொரு 500 மீற்றருக்கும் மின்கம்பத்தில் ஒரு சின்னக் கட்டுத் துணி கட்டுங்கள். பெயின்ற் அடித்தால் மாநகர சபை கேள்வி கேட்கும்.

வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று பலமாக வீசும். பண்ணைப் பாலத்தில் தீவுப் பக்கமாகப் போகும்போது அது முகத்தில் அடிக்கும். அந்தக் காலத்தில் எப்போதும் காற்றுக்கு எதிராகத் தொடங்கி, காற்றோடு திரும்புங்கள். தலைகீழாகச் செய்தால் போகும்போது பறப்பார்கள், திரும்பும்போது பாதியில் இருந்துவிடுவார்கள். வல்லை வெளியும் அப்படித்தான். அங்கே நிழலும் இல்லை, கனரக வாகனங்களும் வேகம். இளையோர் குழுவுக்கு அது வேண்டாம்.

வீதியில் வலது ஓரமாக, எதிரே வரும் வாகனம் தெரியும்படி, ஒற்றை வரிசையில் ஓட வேண்டும். முதலாமவருக்கும் கடைசியானவருக்கும் ஒளி தெறிக்கும் மேலாடை. காதில் இயர்போன் யாருக்கும் இல்லை. காங்கேசன்துறை வரை ரயில் ஓடுவதால் காவலில்லாத கடவைகளில் எல்லோரும் நின்று, வழிகாட்டி இரண்டு பக்கமும் பார்த்துக் கை காட்டிய பிறகு நடந்தே கடக்க வேண்டும். காலை நேரத்து மினி பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் வீதிகளை, காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி போன்றவற்றை, குறுக்கே கடக்கலாம், நீளத்துக்கு ஓடக்கூடாது.

நாய்கள் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஓட்டம் பற்றி எழுத முடியாது. நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நில்லுங்கள், எல்லோரும் ஒன்றாகச் சேருங்கள், குனிந்து கல் எடுப்பதுபோலச் செய்யுங்கள், மெல்லப் பின்னால் நடவுங்கள். பெரும்பாலும் விலகிவிடும். கடித்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சின்னக் கீறல் என்று விடக்கூடாது. வீட்டில் திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். அதனால் முதல் நாளே "நாய் கடிச்சா மறைக்கக் கூடாது" என்று சொல்லி வையுங்கள்.

காலுக்கும் உடம்புக்கும்

சப்பாத்து இல்லாததால் யாரும் வராமல் இருக்கக்கூடாது. புல்லில் ஓடும் முதல் மாதத்துக்கு வெறுங்காலோ, பாடசாலை வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோ போதும். வீதிக்கு வரும்போது மெத்தையுள்ள அடி வேண்டும். பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பார்சலில் வரும் சப்பாத்துகளைக் கவனமாகப் பாருங்கள். அளவு பிழையாக இருக்கும், அல்லது வருடக்கணக்காக அலுமாரியில் கிடந்து மெத்தை இறுகியிருக்கும். அடியின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சற்றுப் பதிய வேண்டும். முன் பகுதியை வளைத்தால் பசை வெடிக்கக்கூடாது. உதவ விரும்பும் உறவினர் பெயர் அச்சிட்ட ரீசேட் இருபது அனுப்பக் கேட்பார். நன்றி சொல்லி, அதற்குப் பதிலாகப் பிள்ளைகளின் கால் அளவை சென்ரிமீற்றரில் எழுதி அனுப்புங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இறுக்கமான உள்ளாடை முக்கியம். குழுவின் அக்காதான் இதைக் கதைக்க வேண்டும். மேலே தளர்ந்த ரீசேட், கீழே நீளக் காற்சட்டை போதும். மாதவிடாய் நாட்களில் விருப்பமிருந்தால் ஓடலாம், இல்லாவிட்டால் நடக்கலாம், காரணம் கேட்கக்கூடாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை இரண்டு மூன்று கிழமையாகக் காரணமின்றிக் களைத்தால், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இரும்புச்சத்துக் குறைவு இந்த வயதில் சாதாரணம்.

வெறும் வயிற்றில் ஓட விடாதீர்கள். 5 மணிக்கு ஒரு கதலிப்பழமும் சீனி போட்ட பிளேன்ரீயும் போதும். இரவு கொத்துரொட்டி சாப்பிட்டுப் படுத்தவனுக்கு இரண்டாவது கிலோமீற்றரில் விலாவில் குத்தும். ஓட்டம் முடிந்ததும் அவித்த கடலை கொடுங்கள்: இருபது பேருக்கு ஒன்றரைக் கிலோ காய்ந்த கடலை, முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். பல பிள்ளைகள் காலைச் சாப்பாடு இல்லாமல் பாடசாலை போகிறவர்கள். சிலர் முதலில் கடலைக்காகத்தான் வருவார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

இருபது பேருக்கு 20 லீற்றர் தண்ணீர்: பாதி குடிக்க, பாதி தலையில் ஊற்ற. சில இடங்களில் கிணறு உவர், அதனால் நல்ல தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் நாளில் ஜீவனிப் பைக்கற்றோ (தண்ணீரில் கரைக்கும் உப்பு, சீனிக் கலவை), ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துத் தேசிக்காய் பிழிந்ததோ கொடுங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். "குடி, குடி" என்று வற்புறுத்தி வயிற்றை நிரப்புவதும் ஆபத்துத்தான். இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும்.

முதல் 12 கிழமை

ஒவ்வொரு நாளும் 5 நிமிட வேக நடையோடு தொடங்கி, 10 நிமிட ஆறுதல் நடையோடு முடிகிறது. நடுவில் செய்ய வேண்டியது கீழே. முதல் எண் ஓடும் நிமிடம், இரண்டாவது நடக்கும் நிமிடம்.

- 1ஆம் கிழமை: 1 ஓட்டம், 2 நடை, எட்டுத் தடவை
- 2: 2 ஓட்டம், 2 நடை, ஆறு தடவை
- 3: 3 ஓட்டம், 2 நடை, ஐந்து தடவை
- 4: இரண்டாம் கிழமையைப் போல, ஆறுதலுக்காக
- 5: 5 ஓட்டம், 2 நடை, நான்கு தடவை
- 6: 8 ஓட்டம், 2 நடை, மூன்று தடவை
- 7: 10 ஓட்டம், 2 நடை, மூன்று தடவை
- 8: 8 ஓட்டம், 2 நடை, இரண்டு தடவை
- 9: 15 ஓட்டம், 2 நடை, இரண்டு தடவை
- 10: 20 ஓட்டம், 2 நடை, 15 ஓட்டம்
- 11: 30 நிமிடம் நிற்காமல்
- 12: இரண்டு சின்ன ஓட்டம், கடைசியில் 5 கிலோமீற்றர்

முதல் கிழமையில் எல்லாப் பொடியளும் "இது சின்னப் பிள்ளையளின்ர வேலை" என்பார்கள். முதல் ஒரு நிமிடத்தை நூறு மீற்றர் போட்டிபோல ஓடி, நாலாவது தடவையில் வயிற்றைப் பிடிப்பார்கள். இந்தத் திட்டங்கள் குலைவதற்கு முதற்காரணம் வேகம்தான். இதயமும் சுவாசமும் சில கிழமைகளில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் மாதக்கணக்கில்தான் இறுகும். மூன்றாம் நாலாம் கிழமையில் "எனக்கு இப்ப களைப்பே இல்லை" என்று வேகம் கூட்டுகிறவனுக்குத்தான் ஆறாம் கிழமையில் கால் நோகும். வேகத்தைச் சோதிக்க, ஓடும்போது வீட்டு விலாசத்தை முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் மூச்சுக்கு நிறுத்தினால் வேகம் கூட. முன்னால் ஓடும் வழிகாட்டியைத் தாண்ட யாருக்கும் அனுமதி இல்லை என்று விதி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஓட்ட நடையைப் பற்றி அதிகம் போதிக்காதீர்கள். அடி குட்டையாக, பாதம் இடுப்புக்குக் கீழே விழ வேண்டும், தோள் தளர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வலது கால் 30 விநாடியில் 40 இலிருந்து 45 தடவை வரை விழுந்தால் சரி. நீட்டி எட்டி வைப்பவன் குதிக்காலைத் தரையில் அடித்து முழங்காலைக் கெடுப்பான். ஓட்டம் முடிந்ததும் கிழமையில் இரண்டு நாள் பத்து நிமிடப் பயிற்சி: படியில் முன்பாதம் ஊன்றிக் குதிக்காலை ஏற்றி இறக்குதல் ஒரு தடவைக்கு 15 என்று இரண்டு தடவை, இருந்தெழும்புதல் ஒரு தடவைக்கு 10 என்று இரண்டு தடவை, ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்றல், முழங்கையூன்றிப் பலகைபோலக் கிடத்தல் 20 விநாடி மூன்று தடவை.

இரண்டாம் கட்டத்தில் கிழமையின் இரண்டு ஓட்டங்கள் 30 முதல் 40 நிமிடமாகவே இருக்கட்டும். ஞாயிறு ஓட்டம் மட்டும் நீளும்: கிலோமீற்றரில் 5, 6, 7, 5, 7, 8, 6, 9, 7, 10. நடுவில் குறையும் கிழமைகள் தவறுதலாக எழுதியவை அல்ல, உடம்பு அங்கேதான் பலம் பெறும். ஞாயிறு காலை ரியூசன் உள்ளவர்களுக்கு போயா நாளையோ வேறொரு நாளையோ பாருங்கள். 18 வயதுக்குக் கீழே 10 கிலோமீற்றருக்கு மேல் போட்டிக்குக் கூட்டிப் போகாதீர்கள். பாதி மரதன் 21.1, முழு மரதன் 42.195 கிலோமீற்றர், வளரும் எலும்புக்கு அந்த அவசரம் தேவையில்லை.

நோவு வந்தால்

கெண்டைக்காலின் முன் எலும்பு ஓரமாக நீளத்துக்கு நொந்து, ஓட ஓடக் குறைந்தால், தூரம் கெதியாகக் கூடிவிட்டது. ஒரு கிழமை நடை, பிறகு இரண்டு கிழமை பின்னால் போய்த் தொடங்குங்கள். ஆனால் ஒரு விரல் நுனி வைக்கும் இடத்தில் மட்டும் கூர்மையாக நொந்து, இரவிலும் நோ இருந்து, ஒற்றைக்காலில் துள்ளமுடியாமல் இருந்தால் எலும்பில் வெடிப்பு என்று சந்தேகப்படுங்கள். ஓட்டத்தை அன்றே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். "ஒண்டுமில்லை எண்டு சொல்லிட்டினம்" என்று இரண்டாம் நாள் வருபவனை நோவு போகும்வரை ஓட விடாதீர்கள். வளர்ச்சி வேகமான வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே முண்டுபோல எழும்பி நோகும். அது பயப்படும் நோய் அல்ல, துள்ளலும் ஓட்டமும் குறைத்தால் காலப்போக்கில் ஆறும்.

சித்திரை, வைகாசியில் வெப்பத் தாக்குதலுக்கு ஆயத்தமாக இருங்கள். தலையிடி, குமட்டல், தள்ளாட்டம் என்றால் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் பிள்ளை மாறாட்டமாகக் கதைத்தாலோ, பெயரைச் சொல்லத் தடுமாறினாலோ, அது உயிராபத்து. ஒருவர் 1990 அம்புலன்ஸை அழைக்க, மற்றவர்கள் உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். மேலாடையைக் கழற்றி, உடம்பு முழுதும் தொடர்ந்து தண்ணீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் அரையிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். ஓட்டோ பிடித்து ஓடுவதில் அந்த நிமிடங்களை வீணாக்காதீர்கள். சுயநினைவு மங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கையால் ஓட வேண்டாம். காலில் காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றும். காய்ச்சல் என்று சொல்லும் பிள்ளை அது முழுதாக மாறும்வரை வரக்கூடாது. டெங்கு என்றால் டொக்டர் சொன்ன பிறகுதான், அதுவும் முதலாம் கிழமை அட்டவணையில் இருந்து.

கதை எப்படி வருகிறது

முதல் மூன்று கிழமையும் அறிவுரை சொல்லாதீர்கள். ஒன்றுகூட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அம்மா, சேர், ரியூசன் மாஸ்ரர், கோயில் ஐயர் எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் ஓடுங்கள், பெயரையும் வீட்டையும் நாயின் பெயரையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் வேறொரு பிள்ளையின் பக்கத்தில் ஓடுங்கள். ஒருவனோடு மட்டும் ஓடினால் மற்றவர்கள் "அவன் அண்ணையின்ர ஆள்" என்று விலகுவார்கள்.

கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். "இரவு எத்தினை மணிக்குத் தம்பி படுத்தனி?" என்ற கேள்வியில் போன், வீட்டுச் சண்டை, பசி எல்லாம் வெளியே வரும். "சோதினை எப்பிடி?" என்ற கேள்விக்குப் பதில் வராது. பதில் வராவிட்டால் இன்னொன்றைத் தொடுக்காமல் ஓடுங்கள். அடுத்த சந்தி வரை மௌனம் இருந்தால் பாதிப் பேர் தாங்களே தொடர்வார்கள். கனமான கதை பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிட நடையில்தான் வரும். அதனால்தான் அந்த நடையை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள், மழை தூறினாலும்.

ஒரு பிள்ளை "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்று தொடங்கினால், அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்து எண்டால் நான் சொல்லவேண்டி வரும், மற்றதெல்லாம் எனக்குள்ள இருக்கும்" என்று நேரே சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகும் சொல்வார்கள். யாரும் அடிப்பதாகவோ துன்புறுத்துவதாகவோ அறிந்தால் 1929 சிறுவர் உதவி இலக்கமும், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை உத்தியோகத்தரும் உள்ளனர். சாக வேண்டும் என்று கதைத்தால் தனிய விடாதீர்கள். அன்றைக்கே 1926 மனநல உதவி இலக்கத்தையும், போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவையும் நாடுங்கள். பொடியன் போதைத் தூள் பாவிக்கிறான் என்று தெரிந்தால் குழுவிலிருந்து கலைக்காதீர்கள். கலைத்தால் அவன் போகும் இடம் எது என்று உங்களுக்குத் தெரியும். ஓட்டத்துக்கு வரும்போது பாவித்திருக்கக்கூடாது, மற்றவனுக்குக் கொடுக்கக்கூடாது என்ற இரண்டு எல்லைக்கோட்டையும் போட்டு, சிகிச்சைக்கு வழி தேடுங்கள். நீங்கள் மருத்துவர் அல்ல. அடுத்த கதவு வரை கூட்டிப் போவதுதான் உங்கள் வேலை.

கொப்பியும் வராத நாளும்

ஒரு சீஆர் கொப்பி வாங்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். திகதி, வந்த நேரம், ஓடிய நிமிடம், நோவு, நித்திரை கொண்ட மணித்தியாலம். பிள்ளை சொன்ன தனிக் கதைகளை அதில் எழுதக்கூடாது. கொப்பி கைமாறும்.

ஒரு நாள் வராவிட்டால் அன்று பின்னேரமே வீட்டுக்கு ஒரு அழைப்பு. அடுத்தடுத்து இரண்டு நாள் வராவிட்டால் நேரே போங்கள். மூன்றாம் கிழமையிலும் ஏழாம் கிழமையிலும் ஆட்கள் உதிர்வார்கள்; முதலாவது புதுமை போவதால், இரண்டாவது ஓட்டம் உண்மையாகவே கஷ்டமாவதால். ஏழாம் கிழமையில் பாதையை மாற்றுங்கள், ஒரு ஞாயிறு காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு பஸ்ஸில் போய் மணலில் விளையாட விடுங்கள். சோதினைக் காலத்தில் நிறுத்திவிடாமல், கிழமைக்கு ஒரு இருபது நிமிடமாகக் குறைத்து வைத்திருங்கள். முழுதாக விட்டவர்கள் சோதினை முடிந்து திரும்பி வருவது அரிது.

5 கிலோமீற்றர் நாளைப் பெரிய விழாவாக்காதீர்கள். அதிதி, மாலை, பேச்சு என்று வைத்தால் 8 மணி வெயிலில் பிள்ளைகள் நிற்பார்கள். 5.45 க்குத் தொடக்கம், எல்லோருக்கும் ஒரே பதக்கம், காசுப் பரிசு இல்லை, நேரப் பட்டியல் ஒட்டுவதில்லை. ஒரு வழிகாட்டி கடைசிப் பிள்ளையோடு வர வேண்டும், முடித்தவர்கள் திரும்பிப் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரலாம். பெற்றோரை முடிவுக் கோட்டில் நிற்கச் சொல்லுங்கள். பல அப்பாமார் பிள்ளைக்குக் கை தட்டுவது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஓட்டம் உண்டு என்று அன்றைக்கே அறிவியுங்கள். ஓட்டம் முடிந்த கிழமையில் யாரும் கூப்பிடாவிட்டால் குழு கரைந்துவிடும். இரண்டு கட்டத்தையும் முடித்து, 18 வயது ஆனவர்களில் கதையைக் காக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரை மட்டும், உதவி வழிகாட்டிகளாக எடுக்கலாம். முதல் ஒரு வருடம் பெரிய வழிகாட்டியோடு சேர்ந்தே ஓட வேண்டும். மேலே சொன்ன பொலிஸ் நற்சான்றிதழும் கையெழுத்தும் அவர்களுக்கும் பொருந்தும். கெட்டிக்கார ஓட்டக்காரனை விட, முதல் கிழமையில் நடந்து வந்தவனைத் தெரிவு செய்யுங்கள். வயிறு குத்தி ஓரத்தில் நிற்கும் புதுப் பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.